முழம் போட்ட நிழல்

அந்தக் கோடையில் புடலங்கொடியின் நிழல் முழம் எட்டுக் காசுக்கு விற்றது; பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு ஆறுக்கும் படிந்தது. விற்றவள் தையல்காரி. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு மிதிமெஷின், இரண்டு பிள்ளைகள், இவ்வளவுதான் அவள் ஆஸ்தி. வெட்டிப் போட்ட துணிகூடப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஊர் அது.

புடலை விதையை முதல் மழை விழுந்த பிறகுதான் ஊன்ற வேண்டும். ஒன்பது வயது மூத்தவளுக்கும் ஐந்து வயது வாண்டுக்கும் அத்தனை பொறுமை ஏது? உச்சக் கோடையில் ஓர் ஓட்டை வாளியில் ஊன்றிவிட்டார்கள். முளை வதங்கியதும் பயந்துபோய், தினமும் மூன்று மணி வெயிலில் மாற்றி மாற்றி எதிரே நின்று தங்கள் நிழலை அதன்மேல் விழ வைத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; பழம் தின்று கொட்டை போட்ட தோட்டக்காரர்களுக்கும் தோன்றாத யோசனை. கொடி அந்த நிழலைக் குடித்து வளர்ந்து ஒரே மாதத்தில் கூரை ஏறியது. அதனடியில் விழுந்த நிழல் போர்வையாகக் கனத்தது, கத்திரிக்கோலுக்கு வெட்டுப்பட்டது, ஓரம் அடித்தால் பிரியவும் இல்லை.

முதல் வாடிக்கை தெருமுனை இஸ்திரிக்காரர்.

"ஏம்மா, நிழலுக்குக்கூடவா விலை?"

"நீங்க வாங்கறது குளிர்ச்சி அண்ணே. நிழல் சும்மா கூட வருது."

அவர் மூன்று முழம் வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் தெருவே வந்தது. மெஷினுக்குப் புது பெல்ட் வந்தது.

ஒருநாள் சட்டைக்கு அளவெடுக்கப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியபோதுதான் பார்த்தாள். மூத்தவளின் காலடியில் ஒரு சாண் கருப்புதான் மிச்சம். வாண்டுக்கு அதுவும் இல்லை.

"எங்கடா உன் நிழல்?"

"கொடிக்குக் குடுத்துட்டேம்மா. அதுக்கு ரொம்பப் பசி."

"நீ வித்துட்டே" என்றாள் மூத்தவள் அம்மாவிடம், கோபமே இல்லாமல்.

நிழல் தீர்ந்த பிள்ளையை வெயில் அடுத்து உடம்பில் தொடும். வாண்டின் காதுகள் ஏற்கெனவே கண்ணாடியாகத் தொடங்கியிருந்தன. பின்னால் இருந்த சுவர் அவற்றினூடே தெரிந்தது. விற்றதைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்துப் போயிருந்தது.

அன்றோடு வியாபாரத்தை மூடினாள். பிள்ளைகளின் மிச்ச நிழல் இனி கொடிக்குள்தான் இருந்தது; அதை வாடவிட முடியாது. பிள்ளைகளை உள்ளே உட்கார்த்திவிட்டு, மூன்று மணிக்குத் தானே வாளியின் எதிரே போய் நின்றாள்.

"அம்மா, இடுப்புல கை வைக்காதே, நடுவுல ஓட்டை விழுது!" என்று ஜன்னல் வழியே அதட்டினாள் மூத்தவள். தொழில் தெரிந்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கையை இறக்கினாள்.

மழை விழுந்த வாரமே கொடி பூத்தது. தொங்கிய காய்கள் கருகருவென்று இருந்தன. வேகவைத்துக் கொடுத்தாள், காய் என்றாலே ஓடும் வாண்டு தட்டை வழித்தான். நாலாம் நாள் அவன் காதுகள் சதையாயின.

மழை வெறித்த மாலையில் வாசலில் நிறுத்தி முழம் போட்டாள். மூத்தவளுக்கு நாலு முழம். வாண்டுக்கு இரண்டே முக்கால், நுனியில் ஒரு கொடிச்சுருள் அதிகப்படி. தனக்கு ஒன்றுமில்லை. நாளெல்லாம் மெஷினடியில் கிடப்பவள் என்பதால் வெயிலுக்கு அவளோடு கொடுக்கல் வாங்கல் குறைவு. யாராவது கேட்டால், "தைக்கக் குடுத்திருக்கேன், அடுத்த வாரம் வந்துடும்" என்பாள். தையல்கடை வாய்தா எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.