வேட்டி நிறத்தில் ஒரு பூ

காசிராஜனுக்கு வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டைப் பிரித்த அன்றே சந்தேகம் வந்துவிட்டது.

பம்பாய் செம்பூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். மழை விட்டு வெளுத்திருந்த வானம். அப்படியொரு நீலத்தை அவர் சமீபத்தில் எங்கேயும் பார்த்ததில்லை. வானம் மட்டுமென்றால் விட்டுவிடலாம். ஹோட்டல் வாசலில் இருந்த தண்ணீர் டிரம் நீலம். எதிர்க் கட்டடத்தில் கட்டியிருந்த தார்ப்பாய் நீலம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பை நீலம். கண்ணைக் குத்துகிற நீலம்.

"ஏமாத்திட்டான்ட்டி" என்றார் மனைவியிடம்.

"யாரு?" என்றாள் சண்முகவடிவு.

"டாக்டருதான். நல்ல லென்சுன்னு சொல்லிட்டு நீலக் கண்ணாடிய உள்ள வச்சிட்டான்."

"என் சேலை என்ன கலரு?"

"பச்சை."

"பச்சையேதான். அப்ப கண்ணுக்கு என்ன கொள்ள?"

"அதாம்ட்டி அவன் சாமர்த்தியம். ஒண்ணு ரெண்ட மட்டும் சரியாக் காட்டுதான், நமக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு."

அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. தாராவியில் அவர் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த காலத்தில், சரக்குக் கொண்டுவந்தவனையும் நம்பியதில்லை, வாங்க வந்தவனையும் நம்பியதில்லை. கடையை மூத்தவனிடம் கொடுத்த பிறகு வீட்டில் இருப்பவர்களை நம்பாமல் இருக்க ஆரம்பித்தார். துவைக்கிற விஷயத்தில்கூட அப்படித்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு எதையும் உடுத்தாத மனிதர். சண்முகவடிவு சோப்புப் போட்டு அலசலாம். கடைசி வாளியில் சொட்டு நீலம் கலந்து முக்கி எடுப்பது அவர் வேலை. பொம்பளைகளுக்கு நீலத்தின் அளவு தெரியாது என்பது அவர் கட்சி.

வீட்டுக்கு வந்ததும் கொடியில் தொங்கிய வேட்டியை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். வலது கண்ணுக்கு அது நீலமாகத் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். வெள்ளை. கொஞ்சம் பழுப்பு ஏறிய, ஆனாலும் வெள்ளை.

"இன்னும் என்ன சாட்சி வேணும்?" என்றார். "என் வேட்டியையே நீலமாக் காட்டுது. இடது கண்ணையும் அவன் கையில குடுக்க நான் என்ன கிறுக்கனா? வியாழக்கிழமை ஆப்பரேசனுக்கு வர மாட்டேன்னு சொல்லிரு."

இடது கண்தான் ரெண்டில் மோசம். மே மாதம் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில், இல்லாத படி ஒன்றை மிதித்து உருண்டவர் அவர். இனியும் தள்ளிப்போட்டால் புரை முற்றிக் கல்லாகிவிடும், அப்புறம் எடுப்பது கஷ்டம் என்று டாக்டர் சண்முகவடிவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை அவள் இவரிடம் சொன்னாள். "ஒன்ட்ட மட்டும் சொன்னானா? நீயும் அவன் கூட்டாளியா?" என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

புதன்கிழமை காலையில் காய் வாங்க கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனார். பூக்கடை வெங்கடேஸ்வரனின் கடையை ஒட்டி நடைபாதையில் ஒரு மராட்டிக்காரி சாக்கை விரித்து மழைக்கீரைகளைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தாள். ஒரு கட்டில் நீட்டிக்கொண்டிருந்த பூவைப் பார்த்துக் காசிராஜன் நின்றுவிட்டார்.

கானாவாழை. மழை பெய்தால் தண்டவாளச் சுவர் ஓரமெல்லாம் முளைத்துக் கிடக்கிற சனியன். எத்தனையோ தடவை அதன் மேல் வெற்றிலை துப்பியிருக்கிறார். அதில் பூ என்று ஏதோ அழுக்கு நிறத்தில் இருப்பதாகத்தான் அவர் நினைப்பு. இப்போது பார்த்தால் எலிக்காது மாதிரி இரண்டே இதழ். அந்த இரண்டிலும் அப்படியொரு நீலம். நடுவில் துளி மஞ்சள். மழைத்தண்ணீர் ஒட்டியிருந்தது.

இடது கண்ணால் பார்த்தார். அதே பழைய அழுக்கு. வலது கண்ணால் பார்த்தார். நீலம்.

எந்தக் கண் பொய் சொல்லுகிறது? இந்தக் கீரைக்காரிக்கும் டாக்டருக்கும் சம்பந்தம் இருக்க வழியில்லை. பூவின் நிறத்தை இவளையே கேட்டுவிடலாம் என்று நினைத்தார்.

"பாயி, யே ஃபூல் கா ரங் கியா ஹை?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் பாதிதான் காதில் வாங்கினாள். கீரைக்குப் பேர் கேட்கிறார் என்று நினைத்து, அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"கேனா."

"யாரப் பாத்து?" காசிராஜனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "யாரப் பாத்துக் கேனாங்கா? எடுவட்ட சிறுக்கி, கலரு என்னன்னு கேட்டாக் கேனாங்கா!"

வெங்கடேஸ்வரன் கட்டிக்கொண்டிருந்த மாலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அண்ணாச்சி, அண்ணாச்சி! கீரையோட பேர் அது. கானாவாழைக்கு மராட்டியில கேனா. உங்களை ஒண்ணும் சொல்லலை."

"நெசமா?"

"பூக்கடைக்காரன் சொல்றேன், நம்புங்கோ."

நம்பவில்லை. ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டு, பேர் வேண்டாம், நிறத்தைச் சொல் என்று மறுபடி கேட்டார். "நாம் நஹி, ரங். ரங் போல்."

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீலா. ஔர் கியா?" என்றவள், புரியட்டும் என்று விரலை நீட்டி அவர் இடுப்பைக் காட்டினாள். "துமாரே தோத்தி ஜைசா. பிலகுல்."

உன் வேட்டி மாதிரியேதான்!

காசிராஜன் குனிந்து வேட்டியைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். நிமிர்ந்தபோது வெங்கடேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மும்முரமாக நூல் தேடிக்கொண்டிருந்தார்.

"ஓய், என்ன நூலு தேடுதீரு? என் வேட்டி என்னவே கலரு?"

"அது வந்து... மாட்டுங்கால உங்களுக்குப் பேரே நீலவேட்டி அண்ணாச்சிதான். கட்சி ஏதாவது இருக்கும்னு நானும் கேக்கலை."

அப்போதுதான் அவருக்குப் புத்தியில் உறைத்தது. கண்ணில் பழுப்பு ஏற ஏற, துவைத்த வேட்டி அவருக்கு அழுக்காகவே தெரிந்திருக்கிறது. அழுக்காகத் தெரியத் தெரிய நீலத்தைக் கூட்டியிருக்கிறார். அவர் கண்ணுக்கு வெள்ளையாகும் மட்டும் ஊற்றினால் ஊர் கண்ணுக்கு என்ன ஆகும்? டாக்டர் வைத்த கண் உள்ளதைச் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது அவருடைய சொந்தக் கண்.

ஒரு கட்டு கேனா வாங்கினார். பேரம் பேசவில்லை. அவளே ஆச்சரியப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து கீரையை வைத்துவிட்டுக் கேட்டார். "வடிவு, என் வேட்டி என்ன கலரு?"

"உள்ளதச் சொல்லவா, ஒங்களுக்குப் பிடிச்சதச் சொல்லவா?"

"உள்ளத."

"நீலம். சின்னவன் கல்யாணத்துலயே நீலம்தான்."

"ஏம்ட்டி சொல்லல?"

"சொன்னேன். ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாட்டின்னு கேட்டீய. பெறவு எதுக்குச் சொல்லுவேன்?"

அவர் கீரைக் கட்டைப் பிரித்தார். "கீரைய முழுசாக் கடைஞ்சிராத. ரெண்டு தண்டு வையி" என்றார். ஒரு நீல மக்கில் தண்ணீர் ஊற்றி, தண்டுகளைச் செருகி ஜன்னலில் வைத்தார். மத்தியானத்துக்குள் பூ சுருங்கிக் கூழாகிவிட்டது. இவ்வளவுதானா என்று திட்டிவிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை காலையில் அதே தண்டில் புதிதாக ஒன்று பூத்திருந்தது. ஒரு கண்ணைப் பொத்தி, இன்னொரு கண்ணைப் பொத்தி, நெடுநேரம் ஜன்னல் பக்கமே நின்றார். பிறகு வேட்டியை உதறிக் கட்டினார்.

"இதையா? புதுசு இருக்கே" என்றாள் சண்முகவடிவு.

"இதையேதான். கட்டுப் பிரிச்சதும் ரெண்டு கண்ணாலயும் பாக்கணும், எம்புட்டு அசிங்கமாத் திரிஞ்சிருக்கேன்னு."

"அசிங்கம் ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். "நல்லாத்தான் இருந்துச்சு."

டாக்சி பாலத்தில் ஏறியது. கீழே தாராவிக் கூரைகள் தெரிந்தன. மழைக்காகப் போட்ட தார்ப்பாய்கள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே நீலம். எத்தனையோ வருஷம் அதையெல்லாம் விற்றவர் அவர்தான். இடது கண்ணால் ஒருமுறை பார்த்தார். சேறு மாதிரி இருந்தது. சட்டென்று அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏட்டி, டிரைவர வெரசாப் போகச் சொல்லு. டாக்டரு டீ குடிக்கக் கீழ எறங்கிட்டாம்னா நேரமாயிரும்."