இருபத்துநாலு பவரில் ஒரு ஊக்கு

1

கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்வங்களே. கைவேலை ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கதைக்குக் காது போதும். ஒரு அண்ணன் தங்கை கதை சொல்லப்போகிறேன். பாசக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன், கோபக் கதையாக வந்து நிற்கிறது. திரிந்துபோன பாலைத் திரிந்த பால் என்று சொல்லித்தானே கொடுக்க வேண்டும்?

இது பிறந்த இடம் ஒரு பேருந்து நிறுத்தம். எதிரே துப்பாக்கிக் கடை. வெங்காயப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கடைக்குள் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, அதன் மேல் பூட்டியிருந்த ஸ்கோப்பில் கண்ணை வைத்து, கண்ணாடிச் சன்னல் வழியாகத் தெருவைத் துழாவிக்கொண்டிருந்தார். தபால் பெட்டி, சைக்கிள், படுத்திருந்த நாய், பிறகு நான். என் மேல் வந்ததும் கொஞ்சம் நின்றார்.

சாலையைக் கடந்து போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "காலித் துப்பாக்கிதாம்மா. கண்ணாடி தெளிவா இருக்கான்னு பாக்குறாரு. பயந்துட்டீங்களா?"

எனக்கு வந்தது கோபம். ஆனால் வயதான பொம்பளைக்குக் கோபம் வந்தால் உலகம் அதைப் பயம் என்றுதான் எழுதிக்கொள்கிறது. அதனால் நானே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பழத்தோட்டத்தின் மேல் அந்தி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, மாடியில் அண்ணன் தன்

வேண்டாம். அந்தியை வருணிக்க ஆரம்பித்தால் என் கை நிற்காது, துப்பாக்கியும் அழகாகிவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "அவன் கெட்டவன்."

இதுவும் வேண்டாம். கெட்டவன் என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு வேலை மிச்சம். 'நம்ம வீட்டில் இப்படி யாரும் இல்லை' என்று காலை நீட்டிக்கொண்டு படிப்பீர்கள். விடமாட்டேன்.

மூன்றாவது நிற்கட்டும்:

ஒரு வீட்டில் மூன்று பேர். அம்மா, பெரியவன், சின்னவள். வீடும் அதைச் சுற்றிய பழத்தோட்டமும் அம்மா பேரில். அங்கே கடைசி வார்த்தை எப்போதும் அம்மாவுடையது; உப்பு போதுமா என்பதிலிருந்து யாருக்கு எங்கே கல்யாணம் என்பதுவரை. தோட்டத்தின் கோடியில், பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகை ஒன்று. சின்னவளுக்கு அங்கே மேற்பார்வை வேலை. கொட்டகையிலிருந்து வீட்டு மாடிக்கு நேர்கோடாக ஒரு பாதை. இருபுறமும் மரம், நடுவில் மறைப்பில்லை.

காட்டுப்பன்றிகள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து வேரைக் கிளறுகின்றன என்று உரிமம் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே சுடுதளத்தில்தான் பயின்றவர்கள். அங்கே முதல் நாள் முதல் பாடம் ஒன்று உண்டு: சுட நினைக்காத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே, காலியாக இருந்தாலும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு யாருக்கு? பெரியவனுக்கு. நன்றாகச் சொல்வான். குரலும் கம்பீரம்.

3

ஸ்கோப் வாங்கப் போனது இருவரும் சேர்ந்துதான்.

(தெரியாதவர்களுக்கு: ஸ்கோப் என்பது துப்பாக்கியின் முதுகில் பூட்டும் சின்னத் தொலைநோக்கி. உள்ளே சிலுவை மாதிரி இரண்டு கோடு. அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் குண்டு போய் விழும்படி திருகித் திருகிச் சரிசெய்வார்கள். அதற்கு 'ஜீரோ பார்ப்பது' என்று பெயர். 'பவர்' என்றால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பெரிதாகக் காட்டினால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். இல்லையாம். பவர் ஏற ஏறப் பார்க்கிற பரப்பு சுருங்கும், அந்தி வெளிச்சம் மங்கும், கண்ணை விரல்கடை நகர்த்தினாலும் கறுப்பாக நிழல் வந்து மூடும். வேடிக்கை என்னவென்றால், பார்ப்பவனின் சொந்த மூச்சுக்கே அந்தச் சிலுவைக் கோடு கிடந்து ஆடும்.)

"பன்னி எங்க வருது? வேலிக்கிட்டதான?" என்று கேட்டாள் சின்னவள். "கிட்டக்க, மங்கல் நேரத்துல, ஓடிக்கிட்டே வரும். நாலு பவர் தாண்டவே வேணாம். அகலமாத் தெரியணும். பன்னிக்குப் பின்னாடி மனுஷன் நிக்கிறானான்னு தெரியணும்."

"தங்கச்சி சொல்றதுதான் சார் கரெக்ட்," என்றார் ஸ்கோப் விற்கிற கடைக்காரர், சின்னதாக ஒன்றை எடுத்து வைத்து. நல்ல மனுஷர். வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்னார்.

பெரியவன் அதைத் தொடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் முழங்கை நீளத்துக்கு ஒன்று இருந்தது. ஆறில் தொடங்கி இருபத்துநாலு பவர்வரை போகும்.

"அது தூரத்துல அட்டை வச்சுச் சுடறவங்களுக்குங்க."

"இருக்கட்டும். வாங்கறதுதான் வாங்கறோம், நல்லதா வாங்குவோம்."

"பன்னியோட மூக்கு மயிரை எண்ணப் போறியாண்ணா?"

"நீ சும்மா இருடி. உனக்கு எல்லாத்துலயும் சிக்கனம்."

அவள் சொன்னபடிதான் ஆனது. பன்றி வந்தது, வேலியருகே. பெரியவன் ஸ்கோப்பில் பார்த்தான். வட்டம் நிறைய முடி மட்டும் தெரிந்தது. தலை எது வால் எது என்று அவன் தேடி முடிப்பதற்குள் அது சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போனது.

சரி, இத்தனை பெரியதை ஏன் வாங்கினான்? தங்கையைப் பார்க்கத்தானா? இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். இல்லை. அவ்வளவு திட்டம் அவனிடம் இல்லை. சிலர் நீளமான ஏணி வாங்குவார்கள். வாங்கிய பிறகுதான் பக்கத்து வீட்டு மதில் கண்ணில் படும். அப்படித்தான். பன்றிக்கு ஆகாத குழாய் எதற்காவது ஆக வேண்டுமே. மாடிக் கைப்பிடிச் சுவரில் மணல்மூட்டையைப் போட்டு, துப்பாக்கியை அதில் கிடத்தி, தினமும் சாயங்காலம் உட்கார ஆரம்பித்தான்.

4

ஒரு நாள் கொட்டகையிலிருந்து வரும்போது பாதி வழியில் சின்னவளின் செருப்பு வார் அறுந்தது. அவள்

[இங்கே 'தனிமை அவளைச் சூழ்ந்தது' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எதுவும் சூழவில்லை. நிம்மதியாக இருந்தாள்.]

பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள். பையைத் துழாவி ஓர் ஊக்கை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, வாரை இழுத்துப் பொருத்திப் பார்த்து, பிறகு குத்தினாள். தப்புத் தப்பாக ஒரு பாட்டும் முனகினாள். யாரும் பார்க்காதபோது மனிதருக்கு ஒரு முகம் இருக்கும் அல்லவா, அந்த முகத்தோடு இருந்தாள். அந்த முகம் ஒவ்வொருவருக்கும் சொந்தச் சொத்து.

மறுநாள் தேநீர் நேரம். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவன் ஓர் அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தான்.

"இந்தா. போட்டுப் பாரு. உன் அளவுதான்."

உள்ளே புதுச் செருப்பு. மெத்தென்ற அடி, தடித்த வார்.

"எதுக்குண்ணா திடீர்னு?"

"கல்லு மேல உக்காந்து ஊக்கைப் பல்லுல கடிச்சிக்கிட்டு இருந்தியே. சின்னப் புள்ளையில இருந்த மாதிரியே இருந்துச்சு. பாவமாப் போச்சு."

அம்மாவுக்கு முகமெல்லாம் பூ. "பாத்தியாடி? இப்படி ஒரு அண்ணன் எவளுக்குக் கிடைப்பான்?"

இந்த இடத்தில் பாசக் கதை முடிந்திருக்க வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் கண் கலங்கியிருந்தால் நானும் நீங்களும் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

அவள் கேட்டாள். "நீ எங்க இருந்த?"

"மாடியில."

"மாடியிலேர்ந்து ஊக்கு தெரியுமா?"

"வெறும் கண்ணுக்கா தெரியும்? இருபத்துநாலுல வச்சா எறும்புக்குக்கூட மீசை தெரியும்!" என்றான் பெருமையாக.

"ஸ்கோப் எதுல மாட்டியிருந்துச்சு?"

"இது என்னடி கேள்வி? துப்பாக்கிலதான்."

"துப்பாக்கி எந்தப் பக்கம் நீட்டியிருந்துச்சு?"

"நீட்டலடி. பாத்தேன்."

"குண்டு இருந்துச்சா?"

பெரியவன் கோப்பையை எடுத்தான். குடிக்காமல் வைத்தான். "சேஃப்டி போட்டிருந்தேன்."

"அதக் கேக்கல."

"பன்னி எப்ப வேணா வரும்ல? ரெடியா வச்சிருக்க வேணாமா?"

துணி மடிக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"நீ வர்றதப் பாத்தாத்தான் எனக்கு மனசு அடங்கும். தினமும்தான் பாக்குறேன். தப்பா?"

"வெடிக்கலையே," என்றாள் அம்மா, ஒரு சட்டைக் கையை நீவியபடி. "பாசத்துல பாத்தான். கடுகை மலையாக்காதடி."

5

சின்னவள் மாடிக்குப் போனாள். துப்பாக்கி மணல்மூட்டையில் கிடந்தது, பாதையைப் பார்த்தபடி. குழலை வெட்டவெளிப் பக்கம் திருப்பி, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் பூட்டைப் பின்னுக்கு இழுத்தாள். ஒரு தோட்டா துள்ளி வெளியே வந்தது. மற்றவற்றையும் எடுத்தாள். பிறகு ஸ்கோப் பெட்டியிலிருந்த எல்-சாவியால் அதைப் பிடித்திருந்த வளையங்களின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

கீழே வந்து, புதுச் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றிய ஸ்கோப் குழாயை வைத்தாள். அதற்குப் பக்கத்தில் அந்தத் தோட்டாவை நிறுத்தினாள்.

பெரியவன் துள்ளி எழுந்தான். "அடிப்பாவி! ஜீரோ போச்சே! வெயில்ல கெடந்து செட் பண்ணினேன்டி!"

கேட்டீர்களா? அன்று அந்த வீட்டில் அவன் குரல் உயர்ந்தது இதற்குத்தான். இதை நான் இட்டுக்கட்டவில்லை என்று சொல்ல முடியாது, இட்டுக்கட்டியதுதான். ஆனால் எழுதும்போது என் காதே எரிந்தது.

"ஜீரோ சரியாத்தான இருந்துச்சு?" என்றாள் சின்னவள்.

"பிசிறு இல்லாம இருந்துச்சு!"

"அப்ப சிலுவை எங்க இருக்கோ குண்டும் அங்கதான் போகும்."

"ஆமா!"

"ஊக்கு என் பல்லுக்கு நடுவுல இருந்துச்சு. ஊக்கைப் பாத்தேன்னு சொன்ன. சிலுவை எங்கண்ணா இருந்துச்சு?"

பெரியவன் சுவரோரம் நகர்ந்தான்.

"சொல்லு. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நீதான பாடம் சொல்ற. எனக்கும் சொல்லு."

"எனக்கு உன் மேல அக்கறைடி..."

"அக்கறைன்னா இந்தக் குழாயை மட்டும் கையில வச்சிக்கிட்டுப் பாரு. கத்திக் கூப்பிடு. வழியில வந்து நில்லு. துப்பாக்கி நாளைக்குக் காலையில சுடுதளத்து லாக்கருக்குப் போகணும். வேணுங்கறப்ப எடுத்துட்டு வா, கொண்டுபோய் வை. அது இங்கதான் இருக்கும்னா, நான் இங்க இல்ல. கொட்டகைக்குப் பக்கத்துல ரூம் இருக்கு. போயிருவேன்."

"துப்பாக்கியத் துரத்தறாளாம்! அம்மா, நீயே சொல்லும்மா," என்றான் பெரியவன்.

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று: துப்பாக்கி வெடித்துவிடுகிறது. வேறொரு நாள், வேறொரு சாயங்காலம். கதைக்குள் துப்பாக்கி வந்தால் அது வெடித்தே ஆக வேண்டும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். கிழித்துப் போட்டேன். ஏன் வெடிக்க வேண்டும்? ஒரு பெண் செத்து விழுந்தால்தான் அவள் மேல் துப்பாக்கி நீட்டப்பட்டது என்று நம்புவீர்களா? 'வெடிக்கலையே' என்று துணி மடிக்கிற அம்மாவுக்கும், எப்போது வெடிக்கும் என்று பக்கம் புரட்டுகிற உங்களுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள் கண்ணுகளா. உங்களைத் திட்டாமல் யாரைத் திட்டுவேன்?

இரண்டு: பெரியவன் அழுது மன்னிப்புக் கேட்கிறான். எழுதிப் பார்த்தேன். தாளில் அவன் அழவில்லை, முறைத்தான். தன் அன்பை அவமதித்துவிட்டாள் என்று உண்மையாகவே மனம் புண்பட்டு நின்றான். புண்பட்டவனை எப்படி மன்னிப்புக் கேட்கவைப்பது? எனக்கு அந்த வித்தை தெரியாது.

மூன்று: சின்னவள் துப்பாக்கியை எடுத்து அவன் பக்கம் திருப்பி, "இப்ப எப்படி இருக்கு?" என்கிறாள். இதற்குக் கைதட்டுவீர்கள், தெரியும். எனக்கும் கை அரித்தது. அவள் செய்யமாட்டாள். அந்த வீட்டில் முதல் பாடத்தை உண்மையாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். என் கதை சுவையாக இருக்க வேண்டும் என்று அதை அவள் மறக்கமாட்டாள்.

7

ஆக, அம்மாதான் மிச்சம். மடியில் பாதி மடித்த சட்டை. மேசையில் செருப்பு, குழாய், தோட்டா. ஒரு பிள்ளை சுவரோரம், ஒரு பிள்ளை கதவோரம். அம்மா தோட்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கையில் எடுக்கவில்லை. அது நேற்றுச் சாயங்காலம் எங்கே இருந்தது, அதற்கு நேரே யார் உட்கார்ந்து ஊக்கைக் கடித்துக்கொண்டிருந்தது என்ற கணக்கு அவள் மனதுக்குள் ஓடுகிறது. அவள் உதடு அசைகிறது.

என்ன சொன்னாள்?

எழுதமாட்டேன். நான் எழுதினால் அது இந்தத் தாளோடு போய்விடும். நீங்கள் சொல்லுங்கள். உங்களில் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மடியில் சட்டையோடு. உங்களைப் பார்த்தும் இரண்டு பிள்ளைகள் நின்றிருக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: 'அவன் நல்லவன்தான்' என்று தொடங்காதீர்கள். அது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது வேறு. அவள் கதவோரம் நிற்கிறாள். நாழியாகிறது.

சீக்கிரம் சொல்லுங்கள் என் தங்கங்களே. சொல்லிவிட்டு எழுந்து நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பாதி வழியில் உட்கார்ந்து தப்புத் தப்பாகப் பாடட்டும். உங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வைக்குப் பின்னால் கண் மட்டுமே இருக்கட்டும், வேறெதுவும் இல்லாமல் இருக்கட்டும்.