எட்டடிக்கு அரை அங்குலம் குறைவாக ஓர் அலமாரி

ஒரு பொருள் கோணலாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பதினெட்டு வருடமாக மருந்துக் கிடங்கில் வேலை. பெட்டிகளைக் காலாவதித் தேதிப்படி அடுக்க வேண்டும், கேட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கே எனக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வீட்டில் மட்டும் என் ஒழுங்கு செல்லுபடியாகவில்லை. பாட்டு சிடிகளும் பட டிவிடிகளுமாக அறுநூற்று நாற்பது தகடுகள் ஒன்பது அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பெருக்கும்போதெல்லாம் என் மனைவி அதில் கால் விரலை இடித்துக்கொள்வாள்.

“ஒண்ணு இதுங்களுக்கு ஒரு இடம் பண்ணுங்க, இல்ல எனக்கு ஒரு இடம் பண்ணுங்க” என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நானே அலமாரி செய்வது என்று முடிவெடுத்தேன். பின்னறையில், நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள். பிளைவுட், பசை, திருகாணி, உப்புத்தாள். தரைக்கும் கூரைக்கும் சரியாக எட்டடி. அலமாரியின் உயரம் எட்டடிக்கு அரை அங்குலம் குறைவு. பதினைந்து அங்குல ஆழம். ஒவ்வொரு தட்டிலும் முன்னால் ஒரு வரிசை, பின்னால் படிபோலச் சற்று உயரத்தில் இன்னொரு வரிசை. பலகை அறுத்துக் கொடுத்த கடைக்காரர், “ரெண்டு பாகமா பண்ணி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுடுங்க சார், தூக்கறதுக்கு சுலபம்” என்றார். நடுவில் ஒரு கோடு தெரியுமே! யாரிடம் வந்து சொல்கிறார்? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். அலமாரி மல்லாந்து கிடக்கும்போதே தகடுகளை அடுக்கிவிட்டேன். நிமிர்த்திய பிறகு அடுக்கினால் மேல் தட்டுகளுக்கு ஸ்டூல் போட்டு ஏறி இறங்க வேண்டும். படுத்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக அகர வரிசைப்படி வைக்கலாம். இரண்டு நாள் வைத்தேன்.

“இவ்ளோ பாரத்தோட தூக்க முடியுமா?” என்று கேட்டாள் என் மனைவி.

“நீ சும்மா பிடிச்சுக்கிட்டா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்.”

முற்பகல் பதினோரு மணிக்குத் தூக்கினோம். தலைப்பக்கத்தை இருவரும் பிடித்து, இடுப்புவரை, தோள்வரை, பிறகு முதுகுப் பலகையைத் தள்ளிக்கொண்டே அடிமேல் அடி வைத்து முன்னால் போனோம். எங்களுக்குப் பின்னால் இரும்புக் கட்டில். முக்கால்வாசிக்கு மேல் நிமிர்ந்துவிட்டது. “அவ்வளவுதான், இன்னும் ஒரே தள்ளு” என்றேன். தள்ளினேன்.

டொக்கென்று நின்றது. கூரையின் சுண்ணாம்பு என் தலையில் கொட்டியது.

பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும் இது. படுத்திருக்கும் பெட்டியை நிமிர்த்தும்போது அதன் மூலை, பெட்டியின் உயரத்தைவிட மேலே போய்த்தான் இறங்கும். அங்குலம் அங்குலமாக அளந்தவன் அதை மட்டும் யோசிக்கவில்லை. அப்போதும் எனக்கு என்மேல் கோபம் வரவில்லை; கூரை போட்டவன்மேல்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தள்ளு தள்ளினேன்.

வழவழத் தரையில் அலமாரியின் அடி வழுக்கி அந்தப் பக்கமாக ஓடியது. தலைப்பக்கம் எங்கள் மேல் சரிந்தது. நான் பக்கவாட்டில் குதித்துவிட்டேன். எப்படிக் குதித்தேன், எப்போது குதித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் குதிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் சுவர்.

சத்தம் அடங்கிய பிறகு பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கம்பிமேல் அலமாரி சாய்ந்து நின்றது. கம்பிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் அவள் மடிந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுப் பலகை அவள் இடது தோளை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு பாதமும் கொஞ்சம் புடவையும் மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“ஏங்க” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

“அசையாத. அசையவே அசையாத. மூச்சு விட முடியுதா?”

“முடியுது. பெருசா விட முடியல.”

தோளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு விரற்கடை எழும்பியது, கை வழுக்கித் திரும்ப விழுந்தது. அவள் அலறினாள். கம்பி கிரீச்சென்று முனகி ஒரு பக்கமாக வளைந்தது. அந்த ஒல்லிக் கம்பி விட்டுக்கொடுத்தால் மொத்தப் பாரமும் அவள் நெஞ்சுமேல்தான். இனி தூக்கிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

பக்கத்து வீட்டு டிரைவருக்குப் போன் போட்டேன். மூன்று முறை தப்பான எண்ணை அழுத்தி நான்காவதாகக் கிடைத்தார்.

“வண்டில இருக்கேன் சார். இப்பவே திருப்பறேன். அரை மணி நேரம் ஆவும்.”

அரை மணி நேரம் கம்பி தாங்காது. தீயணைப்புக்கும் அடித்தேன், வருகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. பாரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. அலமாரியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். அங்கிருந்து அவளைப் பார்க்க முடியாது. நடுவில் நான் போட்ட பலகை. அவள் மூச்சு மட்டும் கேட்டது, விட்டு விட்டு.

“என்ன பண்றீங்க?”

“தகடுங்கள எடுக்கறேன். பாரம் குறைஞ்சதும் தூக்கிடலாம். பொறுத்துக்கோ.”

மேல் தட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். வியர்வை கண்ணில் வழிந்தது. எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். அவள் போய்விட்டால் என்ற நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அவள் இல்லாத சமையலறை, அவள் இல்லாத வாசல், அவள் செருப்பு. கம்பி மறுபடி முனகியது.

“சீக்கிரம்ங்க.”

“இதோ, இதோ. ஆச்சு.”

“கை மரத்துப் போச்சு.”

“இதோ ஆச்சும்மா.”

மேலும் சில தகடுகளை எடுத்து வைத்தேன். பிறகு பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக, நம்ப முடியாதவள்போலக் கேட்டாள்.

“ஏங்க, அடுக்குறீங்களா?”

குனிந்து பார்த்தேன். என் காலடியில் இரண்டு அடுக்கு நின்றது. விளிம்போடு விளிம்பு ஒட்டி, பெயரெல்லாம் என் பக்கம் பார்த்தபடி, அகர வரிசை ஓர் எழுத்துகூடத் தப்பாமல். மூன்றாவது அடுக்குக்கான தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் விழுந்திருந்த சுண்ணாம்பைக் கட்டை விரலால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அலமாரியைக் கண்டு வந்த பயம் வேறு. இப்போது என் கையைப் பார்த்தே பயந்தேன்.

அதற்குப் பிறகு மனிதனாகவே இல்லை நான். இரண்டு கையையும் உள்ளே விட்டு வாரி இழுத்துப் பின்னால் எறிந்தேன். தட்டு தட்டாக. பெட்டிகள் சுவரில் மோதித் தெறித்தன, தகடுகள் உருண்டு ஓடின, உடைந்த பிளாஸ்டிக் உள்ளங்கையைக் கிழித்தது. மேல் ஐந்து தட்டும் காலியானதும் திரும்ப ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். எழும்பியது.

“வா! வெளிய வா!”

அவள் ஒரு கையால் ஊர்ந்து வெளியே வந்தாள். நான் விட்டதும் கம்பி வளைந்து அலமாரி தரையில் விழுந்தது, அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

டிரைவர் வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தோளின் காறை எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். ஆறு வாரம் கையைக் கழுத்தோடு தூளி கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். அவளைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. காத்திருக்க முடியாமல் நானே உளற ஆரம்பித்தேன்.

“பயத்துல கை என்ன பண்ணுதுன்னே தெரியலம்மா. சத்தியமா. ஏதோ பழக்கத்துல... ரெண்டு மூணுதான் அப்படி வச்சிருப்பேன். நீ சொன்ன உடனே...”

“நாப்பத்தி மூணு” என்றாள்.

“என்னது?”

“உள்ள ஒரே இருட்டு. ஒவ்வொண்ணா நீங்க வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டுது” என்றாள், டம்ளரை என்னிடம் நீட்டியபடி. “எண்ணிக்கிட்டே இருந்தேன்.”