ஈசான மூலை மண்

மண்ணைத் தோண்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. பழைய பட்டறை, தொழிற்சாலை இருந்த இடத்தில் யாராவது ஏதாவது கட்ட ஆசைப்பட்டால், அந்த மண்ணில் என்ன விஷம் தங்கியிருக்கிறது என்று சொல்வேன். நல்ல செய்தி சொன்னால் ‘இதுக்கா இவ்வளவு அலட்டல்’ என்பார்கள். கெட்ட செய்தி என்றால் என் போனையே எடுக்க மாட்டார்கள்.

சிதம்பரநாதன் அண்ணாச்சியின் ஆதம்பாக்கத்து மனையும் அப்படித்தான் என்னிடம் வந்தது. தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். மனையில் முன்பு பேட்டரி பட்டறை இருந்தது. அதில் மழலையர் பள்ளி கட்டித் தரும்படி சந்திரிகா கேட்டிருந்தார். அவருடைய பள்ளி நடக்கும் அடையாறு வீட்டை இடிக்கப்போகிறார்கள். அடுத்த ஜூனுக்குள் வேறு இடம் அமையாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். பேட்டரி என்றாலே ஈயம். குழந்தைகள் புழங்கும் மண்ணில் அது அளவை மீறினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

துளை போடும் தௌசீஃப் பின்பக்கம் இயந்திரத்தை இறக்கப் போனபோது அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

“எதுன்னாலும் ஈசான மூலையில ஆரம்பிங்க தம்பி. அதுதான் முறை.”

வடகிழக்கு மூலையிலும் ஒரு துளை தேவைப்பட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே குச்சி நட்டு இடம் காட்டினார்.

முடிவுகள் வந்தன. பட்டறை இருந்த பின்பக்கம் ஈயம் கொஞ்சம் அதிகம். அது எதிர்பார்த்ததுதான், மேல்மண்ணை அள்ளினால் போதும். நடுவில் எல்லாம் சுத்தம். ஆனால் பட்டறைக்கு எட்டாத ஈசான மூலையில் ஈயம் தாறுமாறாக எகிறியிருந்தது. அங்கேயே இப்படி என்றால் இன்னும் எங்கெங்கே இருக்குமோ, யார் கண்டது? சந்திரிகாவுக்குப் போன் செய்து, பள்ளிக்கு இந்த மனை ஆகாது என்று சொன்னேன்.

“சரி ஷெரில். பிள்ளைங்க விஷயம். நீங்க சொன்னா சொன்னதுதான்” என்றார்.

என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அறிக்கையை மறுபடி பார்த்தேன். அந்த மூலையில் செம்பும் அதிகம், போதாததற்கு வெள்ளி வேறு. பேட்டரி பட்டறையில் வெள்ளிக்கு என்ன வேலை?

தௌசீஃபைக் கூட்டிப்போய் அதே இடத்தை மண்வெட்டியால் தோண்டச் சொன்னேன்.

“மேடம், உள்ள இன்னாவோ முடிச்சு கீது.”

மஞ்சள் துணி. எங்கள் துளை அதன் நடுவிலேயே இறங்கிக் கிழித்திருந்தது. உள்ளே உலோகத் துண்டுகள், சுற்றிலும் முளைவிட்ட நவதானியம். அண்ணாச்சியை வரவழைத்தேன். முடிச்சைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

“ஏம்மா, அங்க ஆரம்பிக்கத்தான சொன்னேன், பூமி பூஜை போட்டதைப் போய்த் தோண்டுதீங்க?”

“பூஜை எப்ப போட்டீங்க அண்ணாச்சி?”

“நீங்க வாரதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நல்ல நாள் போயிரக் கூடாதுல்லா.”

“உள்ள என்ன வச்சீங்க?”

“பஞ்சலோகம்தான். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம்.”

“ஈயமா?”

“ஈயம் இல்லாம பஞ்சலோகம் உண்டுமா?”

தௌசீஃப் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் பாதி, வாய்க்கு வருவதற்குள் சிரிப்பாகிவிட்டது. ஆனாலும் சும்மா விடவில்லை. முடிச்சைச் சுற்றி நாலு பக்கமும் புதிதாக மண் எடுத்து அனுப்பினேன். அத்தனையும் சுத்தம். பின்பக்க மண்ணை அள்ளி, புது மண் கொட்டி, அதையும் சோதித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். பஞ்சலோகத்தை நிலைவாசலுக்கு மேலே சுவரில் வைத்துப் பூச அண்ணாச்சி சம்மதித்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

சந்திரிகா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “உங்க மர்சலினை இங்க சேர்ப்பீங்களா?”

மர்சலின் என் மகள், மூன்று வயது ஆகப்போகிறது.

“கையெழுத்தே போட்டாச்சே” என்றேன்.

“கையெழுத்து வேற” என்றார்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள், பாதிக் குழந்தைகள் அழுதுகொண்டிருக்க, என் பெண் விளையாட்டுத் திடலில் சட்டமாக உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மற்ற அம்மாக்கள் பதறி எழுந்தார்கள். சந்திரிகா அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

நான் நிதானமாக நடந்துபோய் அவள் வாயைத் துடைத்துவிட்டு, டாட்டா சொல்லி வேலைக்குக் கிளம்பினேன்.