பின்னறையில் பன்னிரண்டு கம்பளங்கள்

நனைந்த கம்பளம் ஒரு ஆள் கனம் கனக்கும். அதைத் தூக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். முன்முனையில் அப்பா, பின்முனையில் சித்தப்பா என்று ஏழு வருடம் ஓடியது. மழை விட்ட ஒரு மாலையில் சித்தப்பா ஏணியில் நின்று மேல்கம்பியில் கம்பளத்தைப் போடும்போது அது வழுக்கியது. அவரையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுப் பின்முனையைப் பிடித்தேன். அந்த ஒரு வாரம் இரண்டு வருடமாக முடியவில்லை.

எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் கழுவும் இடம். சிமெண்டுத் தரை, நடுவில் தண்ணீர் போக ஓட்டை. அதை அடுத்து சமையலறை. அதற்கும் பின்னால் ஓர் அறை, இரண்டு பெரிய ஜன்னல்களோடு. வீட்டிலேயே காற்றும் வெயிலும் ஒழுங்காக வருவது அங்கே மட்டும்தான். சித்தப்பாவின் கட்டில் அந்த அறையில் இருந்தது.

கம்பளம் கழுவுகிற தொழிலில் கழுவுவது பெரிய வேலையே இல்லை. காய வைப்பதுதான் வேலை. பின்புறக் கம்பிகளில் எட்டுக்கு மேல் தொங்காது. மழை வந்தால் அந்த எட்டும் இல்லை. அதனால் வருகிற ஆட்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் டைக்காரர் வந்தார். பெரிய ஓட்டல் ஒன்றின் மேனேஜர். வேர்த்துக் கொட்டினாலும் டையைக் கழற்ற மாட்டார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர்.

"நூத்துப்பத்து ரூம். ரூமுக்கு ஒரு கார்ப்பெட். வாரத்துக்கு நாப்பது வரும்" என்றார். "இப்ப பண்றவன் ஈரத்தோட மடிச்சுக் கொடுத்துடறான். வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க. முதல்ல பன்னெண்டு தர்றேன். வெள்ளிக்கிழமை காலைல வேணும். வாடை இல்லேன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து மொத்தமும் உங்களுக்கு."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார் அப்பா.

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வேற எவனாவது துவைச்சு முடிச்சுடுவான்."

அவர் போனதும் சமையலறையில் பேச்சு ஆரம்பித்தது.

"பெருசா பண்றதுன்னா இதுதான் நேரம்" என்றாள் அம்மா.

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. வருஷம் போயிடுச்சு. நீங்கதான் அப்படியே இருக்கீங்க."

"எங்க காய வைக்கிறது? உன் தலையிலயா?"

அம்மா பின்னறைப் பக்கம் பார்த்தாள். அப்பாவின் முகம் மாறியது.

"அவன் என் தம்பி."

"யாரு இல்லேன்னா? ரெண்டு வருஷமா அவர் படுக்கையைத் துவைக்கிறது யாரு, நீங்களா?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஊரோரத்துல ஒரு இல்லம் இருக்கு. இப்படிப் படுத்திருக்கிறவங்களுக்குன்னே நடத்தறாங்க. ஒரு கட்டில் காலியாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சிருக்கோம்னாங்க."

"அதுவரைக்கும் போயிட்டியா நீ?"

"யாராவது போகணுமில்ல. இந்த வேலை கைக்கு வந்தா ஒரு ஆளைப் போட்டுக்கலாம். இவளும் திரும்பப் பள்ளிக்கூடம் போகலாம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். சுவர் மெல்லியது. பின்னறையில் இருமல் சத்தம்கூட நின்றிருந்தது.

கடைசியில் அப்பா தனக்குத் தெரிந்த வழியில் முடிவெடுத்தார். அதாவது பாதி முடிவு. பன்னிரண்டையும் வாங்குவது, சித்தப்பா இருக்கும்போதே பின்னறையில் கம்பி கட்டிக் காய வைப்பது. டைக்காரருக்குப் பிடித்துப்போனால் அந்த இல்லத்தைப் பற்றிப் பேசுவது. பிடிக்காவிட்டால் அந்தப் பேச்சே வீட்டில் எழக்கூடாது.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் அறையை அளந்தோம். சித்தப்பா கண்ணை மூடியிருந்தார். அளவு நாடாவின் ஒரு முனை என்னிடம். அது அவருடைய கால்களுக்கு மேலே தொய்ந்து போனது.

"அண்ணி" என்றார் கண்ணைத் திறக்காமலே. "கட்டில் இருக்கிற இடத்தையும் சேர்த்து அளந்துக்கங்க. அது போனா இன்னும் ரெண்டு கம்பி கட்டலாம்."

என் கையிலிருந்து நாடா நழுவி, சர்ரென்று அம்மா பிடித்திருந்த டப்பாவுக்குள் ஓடியது.

"இல்ல, சும்மாதான்..." என்றாள் அம்மா.

"சும்மா யாராவது சுவரை அளப்பாங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

புதன்கிழமை பன்னிரண்டு கம்பளங்களையும் தொங்கவிட்டோம். எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பளம், தலைக்கு மேலேயும் கம்பளம். ஈரக் கம்பளி வாடை கண்ணைக் கரித்தது. அவருக்கு ஈரக்காற்றே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மின்விசிறிகளைப் போட்டு, அவருக்கு இன்னொரு போர்வை போர்த்தினேன். வெளியே மழை விடவில்லை.

"ஊமைச்சி" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாளைக்கு நான் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "இறைச்சிக் கடையில படுத்திருக்கிற மாதிரி இருக்குடி. நான்தான் கடைசித் துண்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பளம் காய்ந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. மேலே தொட்டால் தெரியாது. பின்பக்கம், ஓரத்தில் தைத்திருக்கும் பட்டைக்குப் பக்கத்தில் புறங்கையை வைக்கவேண்டும். ஈரம் கடைசியாகப் போவது அங்கிருந்துதான். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது. சித்தப்பா படுத்த பிறகும் ஒவ்வொரு கம்பளத்தையும் அவர் கட்டிலுக்குக் கொண்டுபோய் நீட்டுவோம். அவர் காய்ந்துவிட்டது என்று சொன்னால்தான் மடிப்போம். அதை அப்பா ஒருநாளும் திரும்பத் தொட்டுப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வாடகை வேன் வாசலில் நின்றது. நான் ஒவ்வொரு ஓரத்தையும் தாழ்த்திப் பிடித்தேன். சித்தப்பா புறங்கையை வைத்து வைத்து எடுத்தார்.

"காஞ்சிருக்கு... இதுவும்... இதுவும்."

பன்னிரண்டுக்கும் அதே வார்த்தை.

"எல்லாமா?" என்றார் அப்பா. "இந்த மழையிலயா?"

"காத்து நல்லா வர்ற ரூமாச்சே. எடுத்துக்கிட்டுப் போண்ணா."

மடிக்க ஆரம்பித்தோம். முதல் ஆறு சரியாக இருந்தன. ஏழாவதின் ஓரம் என் மணிக்கட்டில் உரசியது. சில்லென்று இருந்தது. எட்டாவதும் அப்படியே. நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மெல்ல, மிக மெல்ல, வேண்டாம் என்பதுபோல் அசைத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இப்படியே மடித்து ஓட்டல் அலமாரியில் அடுக்கினால் இரண்டே நாளில் நாற்றம் எடுக்கும். டைக்காரர் எல்லாவற்றையும் திருப்பியனுப்புவார். அதற்குப் பிறகு இந்த அறைக்கு எந்த நாடாவும் வராது.

"என்ன நிக்கிற? பிடி" என்றார் அப்பா.

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமான காரியமே இல்லை. வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன்.

"அப்பா, இது ஈரமா இருக்கு."

அப்பா தன் புறங்கையை வைத்தார். அடுத்ததிலும் வைத்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"கை மரத்துப்போச்சுண்ணா" என்றார் சித்தப்பா. "இனிமே என்னைக் கேக்காத."

அப்பா நம்பினாரா என்று தெரியாது. நம்பியதுபோல் நடந்துகொண்டார். டைக்காரருக்குப் போன் செய்து மாலைவரை நேரம் கேட்டார். பக்கத்து வீட்டிலிருந்து ஹீட்டர் வாங்கி வந்தார். ஆறு மணிக்குப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. டைக்காரர் ஒவ்வொன்றையும் மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணாந்தேதி வண்டி அனுப்பறேன்" என்றாராம்.

அன்று சித்தப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது அறை வெறுமையாக இருந்தது. கம்பிகள் மட்டும்.

"ஊமைச்சி, என் கையெல்லாம் ஒண்ணும் மரத்துப்போகல. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடி வாயைத் திறந்தே?"

செம்பை அவர் பக்கம் நீட்டினேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தை நினைத்துச் சொன்னேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்று ஒவ்வொரு முறையும் உடனே பதில் வந்துவிடுகிறது. அவ்வளவு சீக்கிரம் வருகிற பதிலை நான் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்திலிருந்து வண்டி வந்தது. அவர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் சமையலறை வாசலில் திரும்பவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்தார்கள்.

"எதுக்கு இவ்வளவு பாடு? ஒரு கார்ப்பெட்டை விரிங்க" என்றார் சித்தப்பா.

யாரும் திரும்ப வாங்கிப்போகாத ஒரு பழுப்புக் கம்பளம் இருந்தது. அதில் அவரைக் கிடத்தி, முன்முனையை அப்பாவும் பின்முனையை நானும் பிடித்தோம். அவருடைய தலை என் பக்கம் இருந்தது.

"காஞ்சதுதானே இது? நல்லாப் பார்த்தியா?" என்றார் என்னிடம்.

அம்மா அவருடைய சட்டைகளைத் தேய்த்து மடித்துப் பையில் வைத்திருந்தாள். "வாரா வாரம் வர்றோம்" என்றாள். சமையலறையைத் தாண்டும்போது அவர் அவளைப் பார்த்து, "அண்ணி, இனிமே உங்களுக்குத் துணி குறைச்சல்" என்றார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நனைந்த கம்பளத்தைவிட அவர் எவ்வளவோ இலேசாக இருந்தார். வாசல்வரை போக இரண்டு பேர்கூடத் தேவைப்பட்டிருக்காது.

கட்டில் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு கம்பி கட்டினோம். வாரம் நாற்பது, பிறகு ஐம்பத்தைந்து. ஆள் போடுவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அடுத்த மாதமும் அதையே சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் உட்பட. இல்லத்துக்கு இரண்டு முறை போனோம். இரண்டாவது முறை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை, நாங்கள் போன வாடகை வேனில் சரக்கு இருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம். விடியற்காலையிலேயே முடிந்துவிட்டதாம். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு கழுவும் தரையில் அப்படியே நின்றார். குழாயை மூட அவருக்குத் தோன்றவில்லை. அம்மாதான் வந்து மூடினாள்.

வாசலில் ஓட்டல் வண்டி ஹாரன் அடித்தது.

"இதை ஏத்தி அனுப்பிட்டுப் போயிடலாம்" என்றார் அப்பா. யாரையும் பார்க்காமல் சொன்னார். "காஞ்சுதான்னு பாரு."

பின்னறைக்குப் போனேன். ஒவ்வொன்றாகப் புறங்கையை வைத்தேன். கட்டில் இருந்த இடத்தில் தொங்கியதை மட்டும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

"காஞ்சிருக்கு" என்றேன்.