பதினோராயிரம் அனுமதிகள்

துறைமுக அலுவலகத்துக் கணினி பேசுவது கப்பல்களின் கணினிக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவே தரகராக நிற்கும் மென்பொருளுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. உள்ளே வரும் செய்தியைத் தொடக்கூடாது. அதைப் பார்த்து, வெளியே போவதற்குப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும். முதலில் விலாசம் தாங்கிய தலைப்பகுதி, பிறகு உடல்.

மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே, மூடுபனிக்குள் ஒரு கப்பல் ஒன்பது நாளாகக் கயிற்றில் தொங்கவிட்டதுபோல நின்றது. அதில் சமையல்காரர் அவள் கணவர். ஏழு மாதம் கழித்து வருகிறவர். துறைமுகத்துக்குள் வர அனுமதி நாளைக்குள் கிடைக்காவிட்டால் கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பிவிடும்; இன்னும் ஏழு மாதம். 'அனுப்பியாச்சு' என்றுதான் திரை தினமும் சொன்னது.

கணவர் போனில் கோபப்படவில்லை. "கேப்டன் என்னை ஒரு மாதிரி பாக்கறாரும்மா. சாப்பாட்டுல உப்பு கம்மின்னாலும் உன்னைத்தான் திட்டறார்."

அன்று மதியம் மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள் வந்து அவள் கணுக்காலை உரசியது. பெருக்குகிற அம்மாள் இரண்டு தரம் வாரிக் கொட்டியும் குறையவில்லை. சத்தமில்லாமல் நடப்பதால் பூனைக்கால் என்று பெயரெடுத்த மேலாளர் குனிந்து ஒரு பிடி அள்ளினார். பனியில்லை, அத்தனையும் அனுமதிகள்.

"விலாசத்தைப் பாரு. உன் வீட்டுக் கதவை நீயே தட்டிக்கிட்டு இருக்கே."

சின்னச் சோம்பல்தான். வந்த செய்தியின் தலைப்பகுதியை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தாள். அதிலிருந்தது அவள் மென்பொருளின் விலாசம். வெளியே போன அனுமதி வாசலைச் சுற்றி உள்ளே வர, வந்ததைப் பார்த்து மென்பொருள் இன்னொன்று கட்ட, ஒன்பது நாளில் பதினோராயிரம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

நகல் வரியை அழித்தாள். காலியான தலைப்பகுதி ஒன்றை உண்டாக்கி, கப்பலின் விலாசத்தைத் தானே எழுதினாள். ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு மிச்சத்தை அழிக்கச் சொல்லிவிட்டுப் பூனைக்கால் போய்விட்டார். அவள் கப்பலைப் பார்த்தாள். அழிக்கவில்லை. பதினோராயிரமும் வெள்ளையாக எழுந்து, தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து போயின. பனி விலகியது, கப்பலின் ஆணிகள்கூடத் தெரிந்தன.

கேப்டன் சட்டத்தில் கறார். கொடுத்த அனுமதியைப் பயன்படுத்தாமல் விடுவது குற்றம். நாளொன்றுக்கு ஒன்றுதான் செல்லும். ஆகவே கப்பல் தினமும் காலையில் கடலுக்குப் போய், சாயங்காலம் முறைப்படி உள்ளே வருகிறது. ஐந்தரைக்கெல்லாம் கணவர் வீட்டில் செருப்பைக் கழற்றுகிறார்.

முப்பது வருஷம் வரும் என்று அவள் முன்பே கணக்குப் போட்டிருந்தாள்.

"அதுக்கப்புறம்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அதுக்குள்ள இன்னொரு தப்பு பண்ணாமலா இருக்கப் போறேன்? கை கழுவிட்டு வாங்க."