உச்சிக் கொப்பின் பூ

“பள்ளிக்கூடமும் போறதில்ல, வேலைக்கும் போறதில்ல. நாள் முழுக்க என்னதான் பண்றே, புர்கி?”

போன கிறிஸ்துமஸ் அன்று, வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்க வந்திருந்த வியன்னாக்காரர்கள் நடுவே அண்ணி கெர்லிண்டே கேட்ட கேள்வி இது. எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் தின்ற தட்டுகளைத்தான் புர்கி அப்போது கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த தட்டை எடுத்தாள். கேள்வி மட்டும் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

அதற்கொரு பதில் வேண்டும் என்றுதான் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் சந்தையில் அவள் ஒரு மேசை கேட்டாள். தேவாலய முற்றத்தில் ஊர்ப் பெண்கள் தேனும் ஜாமும் விற்கிற சந்தை. பொறுப்பாக இருந்த அம்மாள் சம்மதித்ததோடு, ‘நோட்புர்கா: ஹோலர் பழப்பாகு’ என்று ஓர் அட்டையும் எழுதிக் கொடுத்தாள். எங்கெல்பெர்ட்டின் தங்கை என்றே சொல்லிப் பழகிய ஊரில், முழுப் பெயரோடு அவளுக்கென்று ஓர் இடம். அந்த மேசைக்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள்.

மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றது ஹோலர் மரம். அதை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது. கடந்து போகிற ஆண்கள் அதற்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுத்தான் போவார்கள். ஜூனில் தட்டுத் தட்டாக வெள்ளைப் பூ. செப்டம்பரில் அதே தட்டு கறுப்பு மணிகளாகிக் கவிழ்ந்து தொங்கும். பூவை ஊறவைத்தும் குடிக்கலாம், பழத்தைக் காய்ச்சியும் குடிக்கலாம். ஆனால் பறித்த பூ பழுக்காது. அந்த மரம் உள்ள வீடுகளில் ஜூன்காரிக்கும் செப்டம்பர்காரிக்கும் ஆகாமல் போவது அதனால்தான். விருந்தாளிகளுக்குக் குளிரக் குளிரப் பூச்சாறு ஊற்றுகிற கெர்லிண்டே ஜூன்காரி, பழத்துக்குக் காத்திருக்கிற புர்கி செப்டம்பர்காரி. அதனால் ஈஸ்டர் அன்று அண்ணன் எங்கெல்பெர்ட்டே பாகம் பிரித்தான்.

“வீட்டுப் பக்கம் அவளுக்கு. கொட்டில் பக்கமும் உச்சியும் உனக்கு. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது.”

ஜூனில் புர்கி ஊர்ப் பெண்களோடு மரியாட்செல் மாதா கோயிலுக்கு நடைப்பயணம் போனாள். திரும்பி வந்தபோது மரம் பூ பறிபோய் மொட்டையாக நின்றது.

“ஆலங்கட்டி மழை,” என்றான் எங்கெல்பெர்ட், மாட்டைப் பார்த்தபடி.

பக்கத்துக் கீரைப்பாத்தியில் ஓர் இலைகூடக் கிழியவில்லை. பூக்காம்புகளோ கத்தரிக்கோல் பட்டதுபோல் நறுக்கென்று இருந்தன. அண்ணி சொல்லிக்கொடுத்ததை அண்ணன் ஒப்பிக்கிறான் என்று புர்கி எண்ணிக்கொண்டாள். கோடை முழுக்க விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். பிழிந்த ஒவ்வொரு விரிப்பும் அவளுக்குக் கெர்லிண்டேயின் கழுத்தாக இருந்தது.

செப்டம்பர் வந்தது. கத்தரிக்குத் தப்பிய உள்கொப்புகளிலும் ஓடைக்கரைப் புதர்களிலும் அலைந்து ஒரு கூடை பழம் சேர்த்தாள். முள்கரண்டியால் காம்பிலிருந்து மணிகளை உருவினாள். வயிற்றைப் புரட்டும் பச்சைக் காய்களைப் பொறுக்கி எறிந்தாள். அம்மாவின் மூன்றடுக்கு ஆவிப்பானையில் வைத்ததும், ரப்பர்க் குழாய் வழியே கருஞ்சிவப்புச் சாறு இறங்கியது. சர்க்கரையும் எலுமிச்சையும் பட்டையும் போட்டுக் கொதிக்கவிட்டு, நுரை எடுத்துக்கொண்டிருந்தபோது கெர்லிண்டே உள்ளே வந்தாள். எங்கெல்பெர்ட் மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

“அட, வீடே மணக்குதே! மாடியில இருக்கிற டாக்டர் வீட்டம்மாவுக்கு ஒரே இருமல். பாட்டில்ல ஊத்தினதும் எல்லாத்தையும் மேல கொண்டுபோய் வச்சிடு.”

“இது சந்தைக்கு வச்சிருக்கேன் அண்ணி. கேக்காதீங்க.”

“எது, இந்த ஏழெட்டு பாட்டிலா? இதுக்கு ஒரு மேசையாம், ஒரு அட்டையாம்! வர்றவங்ககிட்ட என்ன பேசுவே? உன் வாயிலருந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள சந்தையே கலைஞ்சிடும்!”

கரண்டியிலிருந்த நுரை அடுப்பில் விழுந்து சுரீரென்றது.

“ஏழெட்டா ஆனது யாரால? என் பக்கத்தையும் சேர்த்து மொட்டையடிச்சது யாரு?”

“ஆலங்கட்டி...”

“ஆலங்கட்டி கத்தரிக்கோல் எடுத்துக்கிட்டு வந்துச்சாக்கும்! கீரையத் தொடாம பூவ மட்டும் பார்த்துப் பார்த்து நறுக்கிட்டுப் போச்சாக்கும்! வெக்கமா இல்ல உனக்கு?”

கெர்லிண்டேயின் முகம் சிவந்தது. “என்னடி, திடீர்னு நாக்கு முளைச்சிடுச்சா? நான் பறிச்சேன்னு யாரு பார்த்தா? உச்சிக் கொப்பு எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்? ஏணியில ரெண்டாவது படியில கால் வச்சாலே எனக்குத் தலை சுத்தும். ஜன்னல் திரை மாட்டக்கூட உன்னைத்தானே கூப்பிடறேன்!”

புர்கி ஜன்னல் திரையைப் பார்த்தாள். அது உண்மை. கூரைக்கு மேலே போகிற அந்த உச்சிக்குக் கொட்டிலில் கிடக்கிற நீள ஏணி வேண்டும். அதைத் தனியாகத் தூக்கி நிறுத்த அந்த வீட்டில் ஒருவனால்தான் முடியும்.

சூப்புக் கிண்ணத்தில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“அண்ணா?”

எங்கெல்பெர்ட் ரொட்டியைப் பிய்த்தான். தின்னவில்லை.

“நீயா ஏறினே?”

“ஒரு கல்யாணக் கூட்டம் வந்து தங்கிச்சு,” என்றாள் கெர்லிண்டே, குரல் தணிந்து. “பூ பத்தல. அதான் அவரு... விடேன் புர்கி. வெறும் சாறுதானே.”

“உன்கிட்ட கேக்கல.” புர்கி அண்ணனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பாகம் பிரிச்சதும் நீ. ஆலங்கட்டின்னு சொன்னதும் நீ. கோடை பூரா இவளைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேன், நீ பக்கத்துல உக்காந்து சூப் குடிச்சே! அம்மா படுக்கையில விழுந்தப்பவும் இப்படித்தான். ‘ஒரு வருஷம் பள்ளிக்கூடத்த விடு, அப்புறம் நானே கொண்டுபோய்ச் சேக்கிறேன்’னே. அம்மாவப் புதைச்சு எத்தனை காலமாச்சு? சேத்தியா? அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் என்ன பண்றேன்னு இவ கேட்டப்ப, நீயும்தானே சிரிச்சே? உனக்குத் தெரியாதா நான் என்ன பண்றேன்னு? நீ போட்டிருக்கிற சட்டையக் கேளு, சொல்லும்!”

ஊதா படிந்த விரலால் அவன் சட்டையைச் சுட்டிக்காட்டினாள். பாகு பொங்கி வழிந்தது. கெர்லிண்டேதான் ஓடிப்போய் அடுப்பைத் தணித்தாள். தணித்துவிட்டு அவளும் கணவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன். ஏறினது நீங்க, பழி மட்டும் எனக்கா?”

இரண்டு பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கெல்பெர்ட் எழுந்தான். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினான். மரத்தருகே போனதும் பழக்கத்தில் கை தொப்பியின் விளிம்புவரை உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே கீழே இறங்கியது. மரத்தையும் பார்க்காமல், வீட்டையும் பார்க்காமல் அவன் கொட்டிலைத் தாண்டிப் போய்விட்டான்.